இராயபுரக் கடற்கரையில் ஒரு வெடியோசை

வடசென்னையில் பிறந்து, வடசென்னையிலேயே பயின்று, அங்கேயே 36 ஆண்டுகள் ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். தெற்கே துறைமுகம், வடக்கே எண்ணூர்க் கழிமுகம், இவற்றிற்கு இடையே இராயபுரமும் தண்டையார்பேட்டையும் திருவொற்றியூரும் அடங்கிய கடற்கரைப் பகுதியே என் உலகம். தென்னிந்தியாவின் முதல் இருப்புப் பாதை 1856-ஆம் ஆண்டில் இராயபுரத்திலிருந்துதான் புறப்பட்டது. அதற்கும் முன்பிருந்தே கப்பல்கள் இக்கரையில் பொருள்களோடு செய்திகளையும் இறக்கி வந்தன. ஆதலின் துறைமுகத்தின் அருகில் வாழ்பவர்க்கு, எங்கோ ஒரு நாட்டில் புறப்பட்டது ஒரு நாள் நம் கரைக்கும் வந்து சேரும் என்பதைப் பாடம் நடத்தி விளக்க வேண்டுவதில்லை.

2019-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் நாள், ஈஸ்டர் ஞாயிறு. இராயபுரத்தில் படகோட்டும் சமூகத்தார் எழுப்பிய புனித பேதுரு தேவாலயம் இருக்கிறது. பேதுருவை நம் முன்னோர் இராயப்பர் என்று தமிழில் அழைத்தனர். அதனாலேயே ஊருக்கு இராயபுரம் என்று பெயர் வந்தது என்பர். அன்று காலை வழிபாடு முடிந்து மக்கள் வீடு திரும்பிய வேளையில், இலங்கையில் மூன்று தேவாலயங்களிலும் கொழும்பின் பெரிய விடுதிகளிலும் குண்டுகள் வெடித்த செய்தி வந்தது. இறந்தவர் 250-க்கும் மேற்பட்டோர். கொழும்பில் கொச்சிக்கடை, நீர்கொழும்புக்கு அருகே கட்டுவாப்பிட்டி, கிழக்கே மட்டக்களப்பு ஆகிய மூன்று இடங்களிலும் மடிந்தவருள் நம் மொழி பேசுவோர் பலர். மாலையில் நான் அவ்வழியே நடந்து சென்றபோது, தேவாலய வாயிலில் காவலர் நிற்பதைக் கண்டேன். கடலுக்கு அப்பால் நடந்த ஒன்றுக்காக எங்கள் தெருவில் காவல் போடப்பட்டிருந்தது.

மறுநாள் என் பழைய மாணவன் ஒருவனின் மகள் என்னைக் காண வந்தாள். கல்லூரியில் வரலாறு பயிலும் பெண். அவள் கேட்டாள்: “ஐயா, போன மாதம் நியூசிலாந்தில் பள்ளிவாசல்களில் புகுந்து சுட்டார்கள். இந்த மாதம் இலங்கையில் தேவாலயங்களில் குண்டு வைத்தார்கள். ஒன்றைப் பார்த்துத்தான் மற்றொன்று நடக்கிறதா?”

நான் உடனே விடை சொல்லவில்லை. அன்று சொல்லத் தயங்கிய விடையையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். அதற்கு முதலில் நம் ஊரின் வரலாற்றில் பலரும் மறந்துவிட்ட ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும்.

அதற்கும் முன் ஓர் எச்சரிக்கை. ‘பயங்கரவாதி’ என்னும் சொல்லை ஆங்கில அரசு தனக்கு எதிராக ஆயுதம் எடுத்த அனைவர்க்கும் வழங்கியது. நாம் அவர்களுள் பலரைத் தியாகிகள் எனப் போற்றுகிறோம். தம் நாட்டின் விடுதலைக்காகத் தூக்குமேடை ஏறியவர்களையும், வழிபாட்டில் மண்டியிட்டிருந்த குழந்தைகளைக் கொன்றவர்களையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது என் கருத்தன்று. எனினும், ஓர் ஊரில் நடந்த வன்செயல் வேறோர் ஊரில் உள்ளவன் நெஞ்சில் எவ்வாறு புகுகிறது என்பது எல்லார்க்கும் பொதுவான வினா. அதை ஆராயும்போது நோக்கங்களின் உயர்வு தாழ்வைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, நிகழ்ச்சிகள் ஒன்றையொன்று தொடரும் முறையை மட்டும் காண்போம்.

1933-ஆம் ஆண்டு. பஞ்சாபிலிருந்தும் வடநாட்டின் பிற பகுதிகளிலிருந்தும் இளைஞர் சிலர் சென்னை மாகாணத்துக்கு வந்தனர். பகத்சிங்கின் வழியைப் பின்பற்றியவர்கள் அவர்கள். பஞ்சாபிலும் வங்கத்திலும் மூண்ட தீயைத் தெற்கிலும் மூட்ட வேண்டும் என்பது அவர்கள் நோக்கம். பணத்துக்காக ஏப்ரல் மாத இறுதியில் உதகையில் ஒரு வங்கியைக் கொள்ளையிட்டனர். மே மாதத் தொடக்கத்தில் அவர்களுள் ஒருவரான ரோஷன்லால் என்னும் இளைஞர், தாம் கொண்டு வந்த குண்டைச் சோதித்துப் பார்க்க இராயபுரக் கடற்கரைக்குச் சென்றார். குண்டு எதிர்பாராமல் வெடித்தது. அவர் உயிரிழந்தார். அடுத்த சில நாள்களில் துறைமுகத்தை ஒட்டிய தம்புச் செட்டித் தெருவில் அவர்கள் தங்கியிருந்த வீட்டைக் காவலர் வளைத்தனர். பல மணி நேரம் இரு தரப்பினரும் சுட்டுக்கொண்டனர். கோவிந்தராம் என்பவர் அங்கே வீழ்ந்தார். சம்புநாத் ஆசாத் முதலியோர் பிடிபட்டு, தண்டனை பெற்று, அந்தமான் சிறைக்கு அனுப்பப்பட்டனர்.

இந்த இளைஞர்கள் பிறந்தது ஐந்து ஆறுகள் பாயும் நாட்டில்; அவர்களுள் ஒருவர் உயிர் விட்டது எங்கள் மீனவர் வலை உலர்த்தும் மணலில். அவர்களை இங்கே கொண்டு வந்தது எது? அந்த வினாவைப் பின்னோக்கித் தொடர்ந்து சென்றால் வியப்பான ஒரு சங்கிலி புலப்படும்.

1929 ஏப்ரல் 8-ஆம் நாள் தில்லியில் மத்திய சட்டமன்றத்தில் பகத்சிங்கும் படுகேசுவர தத்தும் குண்டுகளை வீசினர். எவரும் இறக்கவில்லை, இருவரும் தப்பியோடவும் இல்லை. செவிடர் கேட்க வேண்டுமானால் உரத்த ஓசை வேண்டும் என்னும் கருத்தோடு தொடங்கும் துண்டுத் தாள்களை அவர்கள் அங்கே வீசினர். அக்கருத்து அவர்களுடையதன்று. பிரெஞ்சு நாட்டு அராஜகவாதியாகிய வையான் என்பவனுடையது என்று அத்தாளிலேயே குறிக்கப்பட்டிருந்தது. அந்த வையான் 1893 டிசம்பர் 9-ஆம் நாள் பாரிஸ் நகரத்தில் மக்கள் பிரதிநிதிகள் மன்றத்தில் குண்டு வீசியவன். ஆக, பாரிஸில் எழுந்த ஓசை 35 ஆண்டுகள் கழித்துத் தில்லியில் எதிரொலித்தது. அங்கிருந்து 4 ஆண்டுகளில் இராயபுரத்தை அடைந்தது.

பாரிஸில் நடந்த தொடர்ச்சியையும் காண்க. வையானை 1894 பிப்ரவரி 5-ஆம் நாள் கொன்றது அரசு. ஒரு வாரம் கழித்து எமில் ஆன்ரி என்னும் இளைஞன் ஓர் உணவு விடுதியில் அமர்ந்திருந்த மக்கள் மீது குண்டெறிந்தான். ஜூன் 24-ஆம் நாள் குடியரசுத் தலைவர் கார்னோ லியோன் நகரத்தில் இத்தாலிய இளைஞன் ஒருவனால் குத்திக் கொல்லப்பட்டார். வையானுக்கு அவர் மன்னிப்பு வழங்கவில்லை என்பது அவன் சினத்துக்கு ஒரு காரணம். முதல் குண்டு ஆள்வோரை நோக்கி வீசப்பட்டது. இரண்டாவது குண்டோ வெறுமனே உணவருந்த வந்தவர்களை நோக்கி வீசப்பட்டது. தொடர்ந்து செல்லச் செல்ல, வன்செயல் தன் இலக்கைப் பற்றிய கவலையை இழப்பதுண்டு.

இந்தியாவில் 1930-ஆம் ஆண்டுக்குப் பின் நிகழ்ந்தவற்றில் இன்னும் தெளிவான சான்று உண்டு. 1930 டிசம்பர் 23-ஆம் நாள் லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் ஆளுநர் மீது ஹரி கிஷன் என்னும் இளைஞர் சுட்டார். ஆளுநர் காயமுற்றுப் பிழைத்தார். காவல் அதிகாரி ஒருவர் இறந்தார். 1931 ஜூலை 22-ஆம் நாள் புனே பெர்குசன் கல்லூரிக்கு வந்த பம்பாய்த் தற்காலிக ஆளுநர் ஹாட்சன் மீது அக்கல்லூரி மாணவர் கோகட்டே சுட்டார். 1932 பிப்ரவரி 6-ஆம் நாள் கல்கத்தாப் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் வங்க ஆளுநர் ஜாக்சன் மீது, பட்டம் பெற வந்த பீனா தாஸ் என்னும் மாணவி சுட்டார். குண்டுகள் குறி தவறின. லாகூர், புனே, கல்கத்தா ஆகிய மூன்று நகரங்களிலும் இடம் ஒரு கல்விக்கூடம். இலக்கு ஓர் ஆளுநர். கருவி ஒரு துப்பாக்கி. முதலாமவர் எங்கே, எப்படிச் செய்தார் என்பது செய்தித்தாளில் வந்தது. அதைப் படித்த பல்லாயிரவருள் மிகச் சிலருக்கு அது வெறும் செய்தியாக நிற்காமல் வழிகாட்டியாகவும் ஆயிற்று என்று கொள்வதில் தவறில்லை.

எண்ணம் மட்டுமன்றிக் கையேடும் பயணம் செய்தது. இந்த நூற்றாண்டுத் தொடக்கத்துக் கதையன்று, சென்ற நூற்றாண்டுத் தொடக்கத்துக் கதை இது. வங்கத்தைச் சேர்ந்த ஹேமசந்திர தாஸ் பாரிஸுக்குச் சென்று ருஷியப் புரட்சியாளரிடம் குண்டுத் தொழிலைக் கற்று வந்தார். அவ்வகைக் கையேட்டின் படி ஒன்று கல்கத்தாவில் மாணிக்தலாத் தோட்டத்திலும், மற்றொன்று மேற்கே நாசிக்கிலும் காவலரால் கைப்பற்றப்பட்டது. 1908 ஏப்ரல் 30-ஆம் நாள் முசாபர்பூரில், கொடிய நீதிபதி என்று கருதப்பட்ட கிங்ஸ்போர்டைக் குறிவைத்து எறிந்த குண்டு வேறு வண்டியில் விழுந்தது. அதில் வந்த தாயும் மகளுமாகிய இரு பெண்கள் மாண்டனர். குதிராம் போஸின் தியாகத்தைச் சொல்லும் நாம் அவ்விரு பெண்களையும் சொல்லுதல் வேண்டும். வரலாற்று ஆசிரியன் கணக்கில் வரவும் செலவும் இரண்டும் எழுதப்பட வேண்டும்.

இனி நம் தமிழகத்துக்கு வருவோம். 1909 ஜூலை 1-ஆம் நாள் லண்டனில் மதன்லால் திங்க்ரா, கர்சன் வைலி என்னும் ஆங்கில அதிகாரியைச் சுட்டுக் கொன்றார். அப்போது லண்டனில் இருந்த இந்திய இளைஞர் வட்டத்தில் நம் வ. வே. சு. ஐயரும் ஒருவர். அவர் மாறுவேடம் பூண்டு, 1910-ஆம் ஆண்டில் புதுச்சேரி வந்து சேர்ந்தார். அங்கே அவரிடம் துப்பாக்கிப் பயிற்சி பெற்றவர் செங்கோட்டை வாஞ்சிநாதன் என்பர். 1911 ஜூன் 17-ஆம் நாள் மணியாச்சி இரயில் சந்திப்பில், ஐந்தாம் ஜார்ஜ் மன்னருக்கு லண்டனில் முடிசூட்டு விழா நடைபெற ஐந்து நாள்களே இருந்தபோது, திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷ் வாஞ்சியின் குண்டுக்கு இரையானார். வாஞ்சியும் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு மடிந்தார். லண்டனில் விழுந்த பொறி இரண்டே ஆண்டுகளில் தாமிரபரணிச் சீமைக்கு வந்துவிட்டது.

இத்தனை சான்றுகளைக் கண்டபின், “ஆம், ஒரு தாக்குதல் மற்றொன்றைத் தூண்டத்தான் செய்கிறது” என்று முடிவு கட்டிவிடலாம் போலத் தோன்றும். நானும் என் இளமையில் அப்படித்தான் எண்ணியிருப்பேன். ஆயின் ஒரு நிகழ்ச்சி என் எண்ணத்தைச் சற்று நிறுத்திப் பார்க்க வைத்தது. அது என் தவறு. அதை மறைக்காமல் சொல்கிறேன்.

1986-ஆம் ஆண்டு. நான் ஆசிரியப் பயிற்சி முடித்துப் பணியில் சேர்ந்து ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. எட்டாம் வகுப்பில் தில்லிச் சட்டமன்ற நிகழ்ச்சியை நடத்தினேன். குரலை ஏற்றி இறக்கி, மேசையைத் தட்டி, மாணவர் கண் இமைக்காமல் கேட்கும்படி நடத்தினேன். இராயபுரக் கடற்கரை வெடியையும் கூடவே சொன்னேன், “நம் கடற்கரையிலேயே நடந்ததடா!” என்று முடித்தேன். மணி அடித்தது. மாணவர் கை தட்டினர். எனக்கும் பெருமையாக இருந்தது.

தீபாவளி கழிந்த வாரத்தில் அவ்வகுப்பு மாணவர் நால்வர் மிஞ்சிய பட்டாசுகளை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குச் சென்று, தாங்களும் ‘சட்டமன்றம்’ விளையாடினார்கள். ஒருவன் இடக்கையில் இரண்டு விரல்களின் நுனிகள் போயின. செய்தி கேட்டு மருத்துவமனைக்கு ஓடினேன். அவன் தந்தை ஒரு தொழிற்சாலையில் தீயணைப்புப் பிரிவில் வேலை செய்தவர். என்னைக் கண்டு அவர் கோபிக்கவில்லை. தாழ்வாரத்தில் அமர வைத்துச் சொன்னார்: “ஐயா, எங்கள் வேலையில் முதல் பாடம் ஒன்றுதான். பொறி மட்டும் இருந்தால் தீ வராது. எரிகிற பொருள் இருக்க வேண்டும். காற்றும் இருக்க வேண்டும். மூன்றில் ஒன்றை எடுத்துவிட்டால் தீ நின்றுவிடும். என் பையன் பொல்லாதவன். கையில் பட்டாசும் இருந்தது. கதையை நீங்கள் சொன்னீர்கள். யாரைக் குறை சொல்ல?”

அவர் என்னைக் குறை கூறாததே எனக்குப் பெருந்தண்டனையாயிற்று. ஆயினும் அவர் சொன்ன பாடம் வரலாற்றுக்கும் பொருந்தும் என்பதைப் பின்னர் உணர்ந்தேன். வேறிடத்தில் நடந்த தாக்குதல் ஒரு பொறி. உள்ளூரில் குவிந்து கிடக்கும் மனக்கொதிப்பு எரிபொருள். அத்தாக்குதலைப் புகழ்ந்தும் பெருக்கியும் பரப்புகிற வாயும் ஏடும் காற்று. மூன்றும் கூடினாலன்றித் தீ மூளாது.

இவ்வளவுகோலைக் கொண்டு மணியாச்சியை மீண்டும் பாருங்கள். பொறி லண்டனிலிருந்து வந்தது உண்மை. எரிபொருளோ திருநெல்வேலியிலேயே கிடந்தது. 1908 மார்ச் 12-ஆம் நாள் வ. உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் சிறைப்படுத்தப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலியில் கலகம் மூண்டது. காவலர் துப்பாக்கியால் நால்வர் இறந்தனர். கப்பலோட்டிய தலைவருக்கு முதலில் விதிக்கப்பட்ட தண்டனை 40 ஆண்டு. தூத்துக்குடியில் அக்காலத்தில் அதிகாரியாக இருந்தவர் ஆஷ். இத்தனையும் சருகாகக் காய்ந்து கிடந்த இடத்தில்தான் பொறி விழுந்தது. அதே லண்டன் செய்தி தஞ்சைக்கும் கோவைக்கும் சேலத்துக்கும் சென்றது; அங்கே எந்தக் கலெக்டரும் சுடப்படவில்லை.

மேலும் ஒன்று. அந்த ஒரே பொறி வேறொருவர் நெஞ்சில் வேறொரு விளைவை உண்டாக்கியது. திங்க்ராவின் செயல் நிகழ்ந்த பத்தே நாளில் காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவிலிருந்து லண்டன் வந்து சேர்ந்தார். அங்கிருந்த இந்திய இளைஞரோடு வாதாடினார். அவ்வாண்டு நவம்பரில் கப்பலில் திரும்பும்போது, அவர்களுக்கு விடை கூறுவதுபோல் ‘இந்திய சுயராஜ்யம்’ என்னும் நூலை எழுதினார். ஆக, ஒரே கொலைச் செய்தி ஒருவர் கைக்குத் துப்பாக்கியையும் மற்றொருவர் கைக்கு எழுதுகோலையும் கொண்டு வந்தது. வ. வே. சு. ஐயரே பிற்காலத்தில் காந்தியடிகளின் நெறியைத் தழுவினார் என்பதும் நினைக்கத்தக்கது.

1933-ஆம் ஆண்டின் சென்னைக்கு வருவோம். பஞ்சாப் இளைஞர்கள் வீரமற்றவர்களா? அல்லர். சென்னை மாகாணத்தில் குறைகள் இல்லையா? இருந்தன, அவ்வாண்டிலேயே காக்கிநாடாவிலும் ஒரு வெடிகுண்டு வழக்கு எழுந்தது. ஆயினும் வங்கத்தில் நிகழ்ந்தது போன்ற நீண்ட தொடர் இங்கே எழவில்லை. காரணம் என்ன என்று எண்ணும்போது, 1930-ஆம் ஆண்டு ஏப்ரல் மாத நாட்காட்டியை எடுத்துப் பார்ப்பேன். ஏப்ரல் 6-ஆம் நாள் காந்தியடிகள் தண்டிக் கடற்கரையில் உப்பெடுத்தார். ஏப்ரல் 13-ஆம் நாள் அதைப் பின்பற்றி இராஜாஜி தொண்டர்களோடு திருச்சியிலிருந்து வேதாரண்யம் நோக்கி நடக்கத் தொடங்கினார். ஏப்ரல் 18-ஆம் நாள், பெரிய வெள்ளியன்று, சூரியசென் தலைமையில் வங்க இளைஞர்கள் சிட்டகாங் ஆயுதக் கிடங்கைத் தாக்கினர். அவர்கள் தங்களை ‘இந்தியக் குடியரசுப் படை’ என்று அழைத்துக்கொண்டனர். 1916-ஆம் ஆண்டு ஈஸ்டர் வாரத்தில் டப்ளின் நகரில் எழுந்த அயர்லாந்துப் புரட்சியே அவர்களுக்கு முன்மாதிரி.

பன்னிரண்டு நாள்களுக்குள் இரண்டு முன்மாதிரிகள் இந்திய இளைஞர் முன் வைக்கப்பட்டன. இரண்டும் வேறிடத்திலிருந்து வந்தவை; இரண்டும் வீரம் மிக்கவை; இரண்டும் செய்தித்தாள்களில் வந்தவை. தமிழ்நாட்டு இளைஞருள் பெரும்பாலோர் தண்டியைத் தேர்ந்தனர். தடியடி பட்டனர், சிறை சென்றனர், பிறரைக் கொல்லவில்லை. பின்பற்றும் இயல்பு வன்முறைக்கே உரிய தனிக்குணமன்று என்பதும் இதனால் விளங்கும். தண்டி வேதாரண்யத்தில் பின்பற்றப்பட்டது. காந்தியடிகளின் வழி அமெரிக்காவில் மார்ட்டின் லூதர் கிங்கால் பின்பற்றப்பட்டது. மனம் கொதித்திருக்கும் இளைஞனுக்கு வேறொரு வீர வழி கண்முன் இருக்குமானால், துப்பாக்கியின் கவர்ச்சி குறைந்துவிடுகிறது.

இப்போது அந்தக் கல்லூரிப் பெண்ணின் வினாவுக்கு வருவோம். நியூசிலாந்தில் கிறைஸ்ட்சர்ச் நகரத்துப் பள்ளிவாசல்களில் 51 பேர் கொல்லப்பட்டது 2019 மார்ச் 15-ஆம் நாள். இலங்கையில் குண்டுகள் வெடித்தது அதற்குப் பின் 37-ஆம் நாள். முன்னதற்குப் பழிவாங்கவே பின்னது நடந்தது என்று முதற்கட்ட விசாரணை காட்டுவதாக, இலங்கை அமைச்சர் ஒருவர் இரண்டே நாளில் நாடாளுமன்றத்தில் கூறினார். உலகமும் அதை நம்பத் தொடங்கியது. ஆனால் புத்தளம் மாவட்டத்தில் வனாத்தவில்லு என்னுமிடத்தில், ஒரு தென்னந்தோட்டத்தில் பெருமளவு வெடிபொருள் பதுக்கி வைக்கப்பட்டிருந்ததைக் காவலர் கண்டுபிடித்தது 2019 ஜனவரியில். அஃதாவது கிறைஸ்ட்சர்ச்சுக்கு இரண்டு மாதம் முன்பே. விறகு அடுக்கப்பட்ட பின்னரே அங்கே பொறி பறந்தது. கிறைஸ்ட்சர்ச் அவர்கள் வெறியை விரைவுபடுத்தியிருக்கலாம்; அதுவே அதைப் பிறப்பித்தது என்பது பொருந்தாது.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்பது நம் பழமொழி. காக்கை வந்ததும் உண்மை; பழம் விழுந்ததும் உண்மை. காக்கையால்தான் விழுந்தது என்பதற்குச் சான்று வேண்டும். இரண்டு தாக்குதல்கள் அடுத்தடுத்து நிகழ்ந்தால் அவற்றை உடனே முடிச்சுப் போடாமல், பழம் முன்பே பழுத்திருந்ததா என்று பாருங்கள்.

எனினும், சான்று உள்ள இடத்தில் மறுக்கவும் கூடாது. கிறைஸ்ட்சர்ச் கொலைஞன் 2011-ஆம் ஆண்டு ஜூலையில் நார்வேயில் நிகழ்ந்த படுகொலையைத் தனக்கு ஊக்கமாகக் குறிப்பிட்டான். 2019 ஆகஸ்ட் 3-ஆம் நாள் அமெரிக்காவில் எல் பாசோ நகரத்து அங்காடியில் மக்களைச் சுட்டவன், கிறைஸ்ட்சர்ச் கொலைஞனைப் புகழ்ந்து எழுதி வைத்தான். இங்கே கொலைஞர் வாக்கே சான்று. நார்வே, நியூசிலாந்து, அமெரிக்கா ஆகிய மூன்று நாடுகளுக்கும் இடையே கப்பலில் எவரும் வரவில்லை. பயிற்சி தரவும் எவரும் இல்லை. 1910-இல் ஒரு வ. வே. சு. ஐயர் மாறுவேடத்தில் கடல் கடந்து வர வேண்டியிருந்தது. இன்றோ கையடக்கமான தொலைபேசி அந்த வேலையை ஒரு நொடியில் முடிக்கிறது. கிறைஸ்ட்சர்ச் கொலைஞன் தன் செயலை உலகம் காணுமாறு நேரலையில் பரப்பினான் என்பதை மறவாதீர்கள். அவனுக்குத் துப்பாக்கி எவ்வளவு வேண்டியிருந்ததோ, அவ்வளவு பார்வையாளரும் வேண்டியிருந்தனர்.

இதை நன்கு உணர்ந்தவர் அந்நாட்டுப் பிரதமராக இருந்த ஜெசிந்தா ஆர்டெர்ன். நிகழ்ச்சி நடந்த நான்காம் நாள் நாடாளுமன்றத்தில் பேசியபோது, அக்கொலைஞனின் பெயரைத் தாம் ஒருபோதும் உச்சரிக்கப் போவதில்லை என்றும், இறந்தவர்களின் பெயர்களைச் சொல்லுங்கள் என்றும் கேட்டுக்கொண்டார். தீயணைப்பாளர் மொழியில் சொன்னால், அவர் காற்றை நிறுத்த முயன்றார். நானும் இவ்வுரையில் அவன் பெயரைச் சொல்லவில்லை.

மாணவச் செல்வங்களே, விடை இதுதான். ஒரு தாக்குதல் மற்றொரு தாக்குதலுக்கு இடத்தையும் முறையையும் துணிவையும் கடன் கொடுக்கிறது, காரணத்தைக் கொடுப்பதில்லை. காரணம் அந்தந்த ஊரிலேயே விளைகிறது. ஆதலின் நம் கையில் மூன்று பணிகள் இருக்கின்றன. பொறி எங்கோ விழுகிறது. அதை நாம் தடுக்க இயலாது. அரசுகளும் காவலரும் அதைக் கவனிக்கட்டும். எரிபொருள் சேராமல் பார்ப்பது நாம் வாழும் தெருவின் வேலை. இராயபுரத்தில் தேவாலயமும் பள்ளிவாசலும் கோயிலும் அடுத்தடுத்து நிற்கின்றன. திருவொற்றியூரில் வடிவுடையம்மன் கோயில் திருவிழாவைக் காண எல்லாரும் வருகிறார்கள். எண்ணூர் ஆலைகளில் ஒரே பந்தியில் அமர்ந்து உண்கிறார்கள். இந்த உறவில் விரிசல் காணும்போது, அது சிறிதென்று விட்டுவிடாதீர்கள். மூன்றாவது பணி காற்றைப் பற்றியது; அது முழுவதும் உங்கள் விரல் நுனியில் இருக்கிறது. கொலையின் படம் உங்களிடம் வந்தால், அடுத்தவர்க்கு அனுப்பாதீர்கள். பரப்புகிறவன் கைகளில் இரத்தம் இல்லைதான். ஆனால் அக்கொலைஞன் விரும்பிய கூலியைக் கொடுத்தவன் அவனே.

வரலாறு சொல்லும் ஆசிரியர்க்கும் இதில் பங்கு உண்டு. 1986-க்குப் பின் நான் அப்பாடத்தை நடத்துவதை நிறுத்திவிடவில்லை. நிறுத்துவது அந்தத் தியாகிகளுக்குச் செய்யும் நன்றியின்மை. ஆனால் நடத்தும் முறையை மாற்றினேன். மேசையைத் தட்டுவதை விட்டேன். முசாபர்பூரில் இறந்த தாயையும் மகளையும் சொன்னேன். யாரும் அறியாத கடற்கரையில், தன் ஊருக்கும் தாய்க்கும் வெகு தொலைவில், ரோஷன்லால் என்னும் இளைஞர் மடிந்ததைச் சொன்னேன். அதே ஆண்டுகளில் உப்பெடுத்துத் தடியடி பட்டவர்களையும் சொன்னேன். மாணவர் முன்போல் கை தட்டவில்லை; மணி அடித்த பின்னும் சிலர் எழாமல் அமர்ந்து வினாக்கள் கேட்டனர்.

அன்று வினாக் கேட்டு வந்த பெண்ணின் தந்தை யார் என்று இப்போது சொல்கிறேன். 1986-இல் விரல் நுனிகளை இழந்த சிறுவன் அவன்தான். இன்று துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்குகிறான். ஆசிரியர் நாளன்று தவறாமல் வந்து என்னைக் காண்பான். அந்த இடக்கையாலேயே பழத்தட்டை ஏந்தி நிற்பான். அவன் ஒரு நாளும் என்னைக் குறை கூறியதில்லை. எனினும் அந்தக் கையைக் காணும்போதெல்லாம், வகுப்பில் நான் சொல்லும் ஒவ்வொரு கதையும் எங்கோ ஓரிடத்துக்குப் போய்ச் சேருகிறது என்பது என் நினைவுக்கு வரும். நீங்களும் நாளை ஆசிரியராகலாம், எழுத்தாளராகலாம், செய்தியாளராகலாம். ஒன்றும் ஆகாவிட்டாலும், கையில் ஒரு தொலைபேசி வைத்திருப்பீர்கள். நீங்கள் சொல்லும் கதை யார் கையில் போய்ச் சேரும் என்று ஒரு கணம் எண்ணிய பிறகு சொல்லுங்கள்.